ஆடியில் எடுத்த படம்

கல்யாண வீடியோ எடுப்பவனுக்குக் காது கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, தொழில் அப்படி. மண்டபத்தில் மேளம், ஐயர், ஜெனரேட்டர், பந்திக்கு ஆள் கூப்பிடுகிறவன், அழுகிற குழந்தை எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாகக் கேமராவுக்குள் விழும். கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் நாங்கள் செய்கிற முதல் வேலை, அந்தச் சத்தத்தை மொத்தமாகத் துடைத்துப் போடுவது. பிறகு தாலி கட்டுகிற இடத்துக்கு ஒரு சினிமாப் பாட்டு, சாப்பாட்டுப் பந்திக்கு ஒரு பாட்டு, பெண் அழைப்புக்கு ஒரு பாட்டு. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்த காலம் முழுக்க நான் இதைத்தான் செய்தேன். எங்கள் பெரியப்பா பேசினாரே அது எங்கே என்று ஒரு வீட்டாரும் வந்து கேட்டதில்லை.

அந்த மாடிக்குத் தினமும் ஒருவன் ஏறி வருவான். என் பள்ளிக்கூட நண்பன். கோடம்பாக்கத்தில் பல வருஷம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு, இனி அங்கே ஆகாது என்று ஊருக்குத் திரும்பியவன். என் கணக்கில் டீ வாங்கிக் குடித்துக்கொண்டே நான் கல்யாணம் வெட்டி ஒட்டுவதைப் பார்ப்பான். மாப்பிள்ளை முகம் ரோஜாப் பூவுக்குள்ளிருந்து விரிந்து வரும்போது தலையில் அடித்துக்கொள்வான். ஒரு நாள் சொன்னான்.

"மாப்ள, இந்தக் கேமராவுலயே படம் எடுக்கலாம்டா. இனிமே பிலிமெல்லாம் வேணாம். கேசட்டப் போட்டமா, எடுத்தமான்னு போயிட்டே இருக்கலாம்."

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. டிஜிட்டல் என்ற சொல்லை எல்லோரும் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்கள். லெப்பைக்குடிக்காட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பாய் துபாயிலிருந்து நல்ல கேமரா ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். கேட்டதும், "எடுத்துக்குங்க தம்பி, சும்மா பொட்டியிலதான் தூங்குது. அல்லா காப்பாத்துவான்" என்று கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டர் என்னிடம் இருந்தது. கதை அவனிடம் இருந்தது. நான் ஆசைப்பட்டு ஒப்புக்கொள்ளவில்லை. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அதே மேடை, அதே அட்சதை, 'இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க' என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது. அலுப்பில் ஒப்புக்கொண்டேன்.

கதை சின்னதுதான். வீட்டை விட்டுப் போய்விட்ட மகளை ஒரு அப்பன் ஊர் ஊராகத் தேடுகிறான். கடைசியில் அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் கண்டுபிடிக்கிறான். மகளாக நடிக்க ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த பெண் சம்மதித்தாள். அப்பனுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. நாடகத்தில் நடித்தவர்களைக் கூட்டிவந்தால் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நண்பனுக்கு அது பிடிக்கவில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு அண்ணன் வந்தார். மைக்செட் ஆட்டோவில் விளம்பரம் சொல்கிறவர். ஜவுளிக்கடை தள்ளுபடி, கட்சிக் கூட்டம், தியேட்டரில் படம் மாற்றியது, யார் வீட்டில் சாவு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எல்லாம் பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும் அவர் குரலில்தான் ஜனங்களுக்குப் போய்ச் சேரும். கனமான குரல். கடைசி வார்த்தையைக் கொஞ்சம் இழுத்து விடுவார். சின்னப் பிள்ளைகள் அவரைப் போலவே பேசிக் காட்டும். ஆனால் அவர் முகம் யாருக்கும் தெரியாது. ஆட்டோவின் பக்கவாட்டில் தட்டி கட்டியிருக்கும், அவர் உள்ளே உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு ஒரு கல்யாண கேசட் விஷயமாக வந்தவரைப் பார்த்து, இந்த முகம்தான் அப்பன் முகம் என்று நண்பன் பிடித்துக்கொண்டான். பேச ஆரம்பித்த பிறகுதான் அது யார் குரல் என்பது எங்களுக்கே உறைத்தது.

நடிக்கக் கேட்டதும் கூச்சப்படுவார் என்று நினைத்தேன். கூச்சமே படவில்லை.

"டீக்கடையில என் பக்கத்துலயே ஒக்காந்துகிட்டு, நேத்து மைக்ல சொன்னானே கேட்டியான்னு என்கிட்டயே கேக்குறானுங்க தம்பி. நாந்தாண்டா அதுன்னு சொன்னா சிரிக்கிறானுங்க. இந்த மூஞ்சிக்கு அந்தக் கொரலான்னு. என் மூஞ்சியையும் என் கொரலையும் ஒண்ணா சேத்து ஒரே ஒரு தடவ ஊருக்குக் காட்டிடுங்க. அது போதும் எனக்கு. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கேட்கவும் இல்லை. சாப்பாடு கூட வீட்டிலிருந்து அவர் மனைவி கட்டிக்கொடுத்து விடுவார். எங்கள் மொத்தப் படத்திலும் இன்னது வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்து வந்த ஒரே ஆள் அவர்தான். நண்பனுக்குத் திரும்பவும் சினிமாக்காரனாக வேண்டும், எனக்குக் கொஞ்ச நாள் கல்யாண மண்டபத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும். இதெல்லாம் ஆசையில் சேர்த்தி இல்லை.

எப்போது எடுப்பது என்று பேச்சு வந்தபோது நான் யோசிக்காமல் சொன்னேன், ஆடியில் எடுக்கலாம் என்று. ஆடியில் கல்யாணம் இல்லை. கம்ப்யூட்டர் சும்மா இருக்கும், லைட் பிடிக்கிறவன் சும்மா இருப்பான், நான் சும்மா இருப்பேன். எங்கள் தொழிலில் எந்த வேலையையும் ஆடிக்கும் மார்கழிக்கும்தான் ஒதுக்குவோம். வீட்டுக்கு வெள்ளை அடிப்பது, பல் பிடுங்குவது, எல்லாம். படம் எடுப்பதும் அதில் சேர்ந்துகொண்டது. வருஷத்திலேயே அதிகமாகக் காற்று அடிக்கிற மாதம் அது என்பது எங்கள் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை.

மரம் மட்டை அதிகம் இல்லாத பூமி எங்களுடையது. ஆடிக் காற்று எங்கிருந்தோ கிளம்பி, தடுக்க ஆளில்லாமல் வரும். வாலிகண்டபுரம் கோயில் பக்கத்துத் தெருவில் எடுக்கும்போது அண்ணனின் வேட்டியைப் பிடித்துக்கொள்ளவே ஒரு ஆள் வேண்டியிருந்தது. எறையூரில் கரும்புக் காட்டோரம் அப்பனும் ஒரு டிரைவரும் பேசுகிற இடம், ஆள் உயரக் கரும்பு முழுக்க அலைபாய்ந்தது. கேமராவில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நண்பன் என் தோளைத் தட்டினான். காற்றுக்கு நன்றி சொன்னான், பாவி.

மைக் என்று தனியாக எதுவும் வைக்கவில்லை. கேமராவின் மூக்கில் இருக்கிற மைக்தான். வசனம் எல்லாம் டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று நண்பன் சொன்னான். கோடம்பாக்கத்தில் அவன் பார்த்தது அப்படி, எடுக்கிற இடத்தில் யார் கத்தினாலும் பிறகு ஸ்டூடியோவில் பேசிக்கொள்வார்கள். நானோ சத்தம் என்பதைத் துடைத்துப் போட மட்டும் தெரிந்தவன். இரண்டு பேருடைய பழக்கமும் கைகோத்துக்கொண்டது. வசனத்தையும் எழுதி வைக்கவில்லை. "மனசுல வர்றத பேசுங்க, அப்பதான் நெசமா இருக்கும்" என்று விட்டுவிட்டான். அவர்கள் மனதில் வந்ததைப் பேசினார்கள், காற்று அதைக் கொண்டுபோனது.

வேறு தொல்லைகளும் இருந்தன. என்னைக் கேமராவோடு பார்த்தால் ஜனங்கள் நேராக நின்றுவிடுவார்கள். பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். கல்யாண வீடியோ அவர்களை அப்படிப் பழக்கியிருந்தது, பழக்கியவர்களில் நானும் ஒருவன். அப்பன் மகளைக் காணாமல் தெருவில் பித்துப்பிடித்தவன் போல ஓடுகிறான், பின்னால் ஒரு குடும்பமே வரிசையாக நின்று சிரிக்கிறது. "பொண்ணு மாப்ளைய எங்கங்க?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். வெயில், புழுதி, திரும்பத் திரும்ப ஒரே ஓட்டம். மாதம் முடிவதற்குள் எனக்குக் கல்யாணமே தேவலை என்று ஆகிவிட்டது.

ஸ்டேஷன் காட்சியைக் கடைசியில் எடுத்தோம். உள்ளே அனுமதி கிடைக்கவில்லை. வாசலில் ஒரு வேப்பமரத்தடியில் மகள் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் சிமெண்ட் லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. அண்ணன் அவள் எதிரே குந்தி உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு என்னவோ பேசினார். ஒரே தடவைதான். அந்தப் பெண் நடிக்க மறந்து நிஜமாகவே அழுதுவிட்டாள். எனக்கு வசனம் கேட்கவில்லை, ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாங்கள் ஏதோ உருப்படியாகச் செய்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றிய ஒரே நேரம் அது.

ஆவணி பிறந்ததும் கல்யாணங்கள் வந்து விழுந்தன. எங்கள் படத்தின் கேசட்டுகள் பீரோவுக்குள் போயின. மார்கழியில்தான் மறுபடி வெளியே எடுத்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றி, பழக்க தோஷத்தில் சத்தத்தை அடைத்துவிட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டே படத்தை வெட்டி ஒட்டினேன். பார்க்க நன்றாகவே வந்தது. ஒரு நாள் நண்பன் வந்து, "பேச்சக் கேக்கலாம்டா, போடு" என்றான். போட்டேன்.

தகரத்தை யாரோ ஓயாமல் பிறாண்டுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கு நடுவே எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து மனிதர்கள் பேசுகிற மாதிரி ஒரு முனகல். ஒரு காட்சியா, இரண்டு காட்சியா, படம் முழுக்க. நண்பன் ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

"டப்பிங்ல பாத்துக்கலாம்" என்றான், சுரத்தில்லாமல்.

"என்ன பேசுனாங்கன்னு தெரிஞ்சாத்தானடா டப்பிங் பண்ண முடியும்?"

பிறகு வந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, உதடுகளைப் பார்த்து வார்த்தையைக் கண்டுபிடிக்கும் வேலை செய்தோம். இது 'போயிட்டு வரேன்' ஆக இருக்குமா, 'பேசிட்டு வரேன்' ஆக இருக்குமா என்று சண்டை போட்டோம். சிரிப்பாகத்தான் இருந்தது, சிரிக்கத் தெம்பில்லை. கடைசியில் பேசினவர்களையே கூப்பிட்டுக் கேட்போம் என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினோம்.

அவர் படியேறி வந்தபோது கூடவே அவர் மனைவியும் வந்தார். அண்ணன் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். மார்கழிப் பனிக்கு என்று நினைத்தேன். "என்னண்ணே, ரொம்ப நாளா ஆட்டோ சத்தத்தையே காணோம்" என்றேன். அவர் வாயைத் திறந்தார். அந்தக் கனம் அப்படியே இருந்தது, ஆனால் ஓரமெல்லாம் கிழிந்திருந்தது.

"தொண்டையில கட்டின்னு சொல்லிட்டாங்க தம்பி. திருச்சியில பாத்தாச்சு. பொங்கல் கழிச்சு ஆப்பரேசன்."

"எடுத்துட்டா சரியாப் போயிடும்லண்ணே?"

அவர் மனைவிதான் சொன்னார். "ஆளு பொழச்சுக்குவாருன்னு சொல்றாங்க. பேச்சு இருக்காதாம். கொரலையே எடுத்துடுவாங்களாம்."

நண்பன் எழுந்துபோய் ஜன்னலில் நின்றுகொண்டான். அண்ணன்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, ஒரு வார்த்த விடாம சொல்றேன். பொங்கலுக்கு முன்னாடி பேசி முடிச்சுடலாம்" என்றார். அவருக்கு அவசரம் இருந்தது. பயமும் இருந்திருக்கும், அதைக் காட்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்டூடியோவின் பின்னறையை டப்பிங் அறையாக மாற்றினோம். மண்டப அலங்காரக்காரரிடம் வெல்வெட் திரைகளை இரவல் வாங்கிச் சுவரெங்கும் தொங்கவிட்டோம். வீட்டிலிருந்து மெத்தைகளைத் தூக்கிவந்து கதவில் சாத்தினோம். விசிறியை நிறுத்தியதும் அறை அடுப்பாகிவிட்டது. நடுவில் ஒரு ஸ்டாண்டு, அதில் திருச்சியிலிருந்து வாடகைக்கு வந்த மைக். முதலில் ஸ்டேஷன் காட்சியை முடித்துவிடலாம், அதுதான் முக்கியம் என்றான் நண்பன்.

அண்ணன் மைக் முன்னால் நின்றார். தலையைச் சற்றே தூக்கினார். ஒரு கையைக் காதோரம் வைத்தார். "சாப்புட்டியா நீ?" என்று ஆரம்பித்தார் பாருங்கள். அரியலூர் ஜங்ஷனில் ஜவுளிக்கடை திறக்கிற மாதிரி இருந்தது. கடைசி எழுத்து நீண்டு, சுவரில் மோதித் திரும்பியது.

"அண்ணே, மெதுவா. மககிட்ட பேசுறீங்க."

தலையாட்டினார். மறுபடியும் அதே. இன்னும் மெதுவாக, ஆனால் அதே இழுப்பு. மெதுவாகச் சொன்ன சாவுச் செய்தி மாதிரி இருந்தது. எத்தனை தடவை எடுத்தோமோ தெரியாது. வியர்வையில் எல்லோரும் நனைந்துபோனோம். ஒவ்வொரு தடவையும் அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வது எனக்கு ஹெட்போனில் கேட்டது. நண்பன் பொறுமையிழந்தான்.

"மககிட்ட பேசுங்கண்ணே, மாவட்டத்துகிட்ட பேசாதீங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அங்க வந்துச்சே தம்பி, இங்க ஏன் வர மாட்டேங்குது?" என்று என்னைக் கேட்டார். ஆயுசு முழுக்க மைக்கைப் பார்த்ததும் ஊருக்குச் சொல்லிப் பழகியவர். மைக் எதிரில் இருக்கும்வரை அவருக்கு மகளும் பொதுமக்கள்தான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்தச் சூழ்நிலை மேல் வந்த கோபத்தில் மெத்தையை எட்டி உதைத்தேன்.

மூலையில் கஞ்சிப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி அப்போதுதான் பேசினார்.

"மைக்கக் கண்டா அவருக்கு அப்புடித்தான் வரும். அத அந்தாண்ட எடுங்க."

"மைக் இல்லாம எப்புடிம்மா?"

"வைங்க. அவரு கண்ணுல படாத எடத்துல வைங்க. எதுக்க நான் ஒக்காந்துக்குறேன்."

மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றி, அந்தம்மாவின் முதுகுக்குப் பின்னால், வெல்வெட் திரையின் மடிப்பில் சொருகினேன். கணவனும் மனைவியும் எதிரெதிரே தரையில் உட்கார்ந்தார்கள். திரையில் படம் ஓட விட்டேன், அவர் அதைப் பார்க்கவேயில்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சாப்புட்டியா நீ? மொதல்ல சாப்புடு. ஒங்க அம்மாட்ட, பாத்தேன், நல்லாருக்குறான்னு மட்டும் சொல்லிக்கிறேன். வூட்டுக்கு வான்னு கூப்புட மாட்டேன். வந்தீன்னா வேணாங்க மாட்டேன். கதவ எப்பவும் போல சாத்தாமத்தான் வெச்சிருக்கேன்."

இழுப்பில்லை, கனமில்லை. சன்னமான, கொஞ்சம் தயங்கித் தயங்கி வருகிற ஒரு குரல். இவரிடம் இப்படி ஒரு குரல் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. உதட்டோடு சரியாகப் பொருந்தியிருந்தது. முடிந்த பிறகும் நான் பதிவை நிறுத்தவில்லை. அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது வூட்ல பேசுற கொரலு. இத யாரும் கேட்டதில்ல" என்றார் என்னிடம்.

அடுத்த காட்சிக்குப் போனபோது அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவில்லை. கஞ்சியைக் குடித்தார், மறுபடி முயன்றார், காற்றுத்தான் வந்தது. "நாளைக்கி வரேன்" என்று கையால் காட்டிவிட்டுப் போனார். மறுநாள் மூச்சு விடவே சிரமமாகி, பொங்கலுக்குக் காத்திராமல் திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். படத்தில் அவர் குரல் அந்த ஒரு காட்சியோடு நின்றது.

மீதிக்கு வேறு ஆள் தேட வேண்டியிருந்தது. திருச்சியில் மேடையில் பேசுகிற ஒருவரைப் பிடித்தோம். நல்ல தொழில்காரர், வந்தார், பேசினார், போனார். அதன்பிறகு நண்பனுக்கும் எனக்கும் சண்டை வந்தது. ஸ்டேஷன் காட்சியையும் அவரையே பேச வைத்துவிடலாம், ஒரே படத்தில் ஒரு ஆளுக்கு இரண்டு குரல் இருந்தால் எவன் வாங்குவான் என்றான். அவன் சொன்னது நியாயம்தான். நான் கம்ப்யூட்டர் என்னுடையது என்றேன். இதற்கு மேல் அதில் பேச்சில்லை. அன்றைக்கு அவன் டீ குடிக்காமல் இறங்கிப் போனான்.

யாரும் வாங்கவும் இல்லை. தியேட்டரில் கேட்டால் பிலிமாகக் கொண்டுவா என்றார்கள். டிஜிட்டல் படத்தைப் பிலிமுக்கு மாற்றுவது எங்களால் ஆகிற காரியமில்லை. டிவிக்காரர்கள் கேசட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். சிடி கம்பெனிக்காரர் ஒருவர் பாதி பார்த்துவிட்டு, சண்டை இல்லையா என்று கேட்டார். நண்பன் திரும்பவும் சென்னைக்குப் போவதாகச் சொன்னான். போவதற்கு முன் ஊரில் ஒரு தடவையாவது போட்டுக் காட்டிவிடுவோம் என்றேன். அண்ணன் கேட்டது அது ஒன்றுதானே.

கல்யாண மண்டபம் ஆடியில்தான் சும்மா கிடைக்கும். ஆக, எடுத்து ஒரு வருஷம் கழித்து, இன்னொரு ஆடியில், பட்டப்பகலில், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, ஆபீஸ்களில் வைத்திருக்கிற சின்ன புரொஜக்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் படத்தைப் போட்டோம். விளம்பரம் சொல்ல வேறொருவரின் ஆட்டோ போனது. மாப்பிள்ளை பெண் உட்காருகிற மேடையில் வெள்ளை வேட்டிகளைத் தைத்துக் கட்டியதுதான் திரை. மண்டபம் நிறையத்தான் வந்தார்கள், சும்மா என்றால் வருவார்கள்.

அண்ணனும் மனைவியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். கழுத்தில் மூச்சு விட ஒரு துளை, அதை மறைத்து வெள்ளைத் துணி. சலவைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். படம் ஓடிய நேரம் முழுக்க நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருச்சிக்காரர் குரலில் அவர் முகம் பேசியபோது அசையாமல் இருந்தார். ஸ்டேஷன் காட்சி வந்தது. அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முன் வரிசைகளில் கொஞ்சம் சலசலப்பு எழுந்தது, குரல் மாறியது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பின்னே தெரியாதா.

விளக்குப் போட்டதும் எல்லோரும் எழுந்து போனார்கள். அண்ணன் வாசல் ஓரம் போய் நின்றுகொண்டார். அவரைக் கடந்துதான் அத்தனை பேரும் வெளியே போக வேண்டும். போனார்கள். திரையில் அவ்வளவு நேரம் பார்த்த முகத்தை ஒருவரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நான் வயரைச் சுற்றிக்கொண்டே பார்த்தேன். இதற்கா இவ்வளவு பாடு என்று இருந்தது.

கடைசியில் வந்த ஒருவர் மட்டும் என்னிடம் நின்றார். நடுவயதுக்காரர், கையில் ஹெல்மெட் வைத்திருந்தார்.

"படம் பரவால்லீங்க. ஸ்டேசன்ல மட்டும் கொரலு ஒரு மாதிரி சன்னமா வந்துச்சே, மிசின் கோளாறா?"

நான் பதில் சொல்வதற்குள் அந்தம்மா சொல்லிவிட்டார்.

"கோளாறு இல்லீங்க. அங்கதான் எங்க வூட்டுக்காரரு சொந்தமாப் பேசுனாரு. மத்த எடமெல்லாம் வேற ஆளு." பிறகு கணவனின் கையைப் பிடித்து ஒரு எட்டு முன்னால் கொண்டுவந்தார். "மைக்செட்டு ஆட்டோவுல பேசுவாரே, அவருதாங்க இவரு."

அந்த மனிதர் அண்ணனின் முகத்தை உற்றுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அட, நீங்களாய்யா அது? சின்ன வயசுலேந்து கேக்குறேன் ஒங்க கொரல. எங்கப்பா செத்தப்பகூட நீங்கதான் ஊருக்குச் சொன்னீங்க. இப்பத்தான் ஆளப் பாக்குறேன்." சிரித்துக்கொண்டே காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார். "எங்க, ஒரு வார்த்த பேசுங்களேன், நேருல கேப்பம்."

அண்ணன் சந்தோஷத்தில் வாயைத் திறந்துவிட்டார். கழுத்துத் துணி படபடவென்று ஆடியது. அந்தம்மா அதை எடுத்துச் சரியாக வைத்தார்.

"இனிமே படத்துல மட்டுந்தாங்க பேசுவாரு" என்றார்.